விருப்பமாமா? யார் சொன்னது?

பாப்பா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில்தான் உன் தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தேன், நின்றபடியே தின்றுவிட்டு ஓடினாய், நன்றாகத்தான் இருக்கிறாய். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைப்பாய். பிடிக்கிற நிலைமையில்தான் இருக்கிறேன். வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. நேற்று பஸ்ஸில் சொன்னேன், வீட்டுக்கு வந்து சொன்னேன், இன்று காலையில் ரொட்டி சுடும்போதும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாய். அதோடு விட்டாயா? நேராக முன் அறைக்குப் போய் அப்பாவிடம் "அம்மாவுக்குக் கோவமாம்" என்று செய்தி வாசித்தாய். எனக்குக் கோபமாம்! நான் அடுப்படியில் போட்ட சத்தம் மஹய்யாவ சந்திவரைக்கும் கேட்டிருக்கும். அதையும் ஒரு ‘ஆம்’ போட்டு அறிவிக்க இந்த வீட்டில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நின்று நீ அதை வேறு யாருக்கும் எடுத்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்குக் கடை லீவு, அப்பா முன் அறையில் இருக்கிறார். நீ சுதாவைக் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருக்கிறாய், அவளுடைய புது வேலைக்குச் சப்பாத்து வாங்க. அந்தச் சப்பாத்துக் கடை முஸ்லிம் நானா தமிழ்தான் பேசுவார். கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை சுதாவும் தமிழ்தான் பேசுவாள். உனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் "அவளுக்குக் கொஞ்சம் இறுக்குதாம், அடுத்த சைஸ் காட்டுங்க" என்று இந்நேரம் நீதான் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு நீ வீட்டில் சும்மா இருந்த நேரம், "இளம் பெண்களுக்கான தொழில்வாய்ப்பு, குடியுரிமை, தலைமைத்துவப் பயிற்சி" என்று கோயில் பக்கத்தில் பதாகை கட்டியிருந்தார்கள். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு வேண்டும். அதற்குக் கீழே ‘வலுவூட்டல்’ என்று இருந்தது. நான் ஏதோ சத்துமாவு கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீயும் மெலிந்துபோயிருந்தாய், போய்ப் பார் என்றேன். போனாய். முதல் நாள் பாடம் நடத்த வந்த வளவாளர் சிங்களத்தில் மழை மாதிரிக் கொட்டியிருக்கிறார். கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தமிழில் சொல்ல வருவதாக இருந்தவர் வரவில்லை. பயிற்சியை நடத்துகிற நிலந்தி மிஸ், ரெண்டு பாஷையும் தெரிந்தவர் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்போதுகூட உன் கையை நீ தூக்கவில்லையாம், பக்கத்தில் இருந்தவள் தூக்கிவிட்டாளாம். நீயே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். அன்றைக்குக் கதிரையிலிருந்து எழுந்து வளவாளர் பக்கத்தில் போய் நின்றவள்தான், இன்னும் வந்து உட்காரவில்லை.

ஒரு குழு முடிந்து அடுத்த குழு வந்தது, அதுவும் முடிந்து இன்னொன்று வந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டுப் போனார்கள். நீ அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்கும் ஆரம்பத்தில் பெருமைதான், அதை மறைக்கவில்லை. கடையில் சேலை மடித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் மகள் கூட்டத்துக்கு முன்னால் நின்று ரெண்டு பாஷையிலும் பேசுகிறாள் என்று. அக்குறணையிலிருந்து வருகிற எங்கள் முதலாளியும் ஒருமுறை உன்னைக் கேட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ், ஒங்கட மகள் ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரியல்லவா பேசுறா" என்றார். நான் அன்றைக்குப் பூரித்துப்போய் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். நியூஸ் வாசிக்கிறவள் தன் வீட்டு விஷயத்தை வாசிப்பதில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு அந்த டீசேர்ட் வந்தது. பச்சை நிறம், முன்பக்கம் சிங்களம், பின்பக்கம் தமிழ். தமிழில் என்ன போட்டிருந்தது? "நான் ஒரு பொறுப்புள்ள குடிமகள்." ஐயோ பாப்பா! குடிமகன் என்றால் நம் ஊரில் எந்த மகனைச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? சாயங்காலமானால் சாராயக் கடைக்கு முன்னால் நிற்கிற மகனைத்தான். நீ அதைப் போட்டுக்கொண்டு சந்தியைத் தாண்டும்போது ஆட்டோக்காரப் பையன்கள், "தங்கச்சி, அளவா குடிக்கணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டுச் சிரித்தது வீட்டுக்குள்ளே எனக்குக் கேட்டது. அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். நீதான். பிரஜை என்று போட்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். "நான் அப்படித்தாம்மா எழுதுனேன். பொம்பளப் புள்ளைங்கன்னு தெரியணுமாம். அதான் மகள்னு வரணுமாம்" என்றாய். தமிழ் தெரியாத மிஸ்ஸுக்குத் தமிழில் அப்படிப் போட்டால் சிரிப்பார்கள் என்று சொல்ல வேண்டியது யாருடைய வேலை? உன் வாயில் அந்த நேரம் என்ன இருந்தது, கொழுக்கட்டையா?

அப்போதுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். உன் பேச்சில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘ஆம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு வரணுமாம், மழை வருமாம், அது கஷ்டமாம். பிறர் சொன்னதைச் சொல்லும்போது ‘ஆம்’ போடுவது நியாயம், அதற்காகத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது. நீ உன் சொந்த விஷயத்துக்கும் போடுகிறாய். போன மாசம் காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தலை வலிக்குதாம்" என்றாய். யாருடைய தலை என்று கேட்டால் சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அப்பாவே சாட்சி சொல்ல வருவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரும் நானும் மாத்தளையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று சண்டை பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அவர் முன் அறையில், நான் அடுப்படியில், நடுவில் நீ. "அம்மா சோறு போட்டுட்டாங்களாம்." "அப்பாவுக்கு வேணாமாம்." இப்படி ஓடிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை அவர் கோபத்தில், "அவளையே திங்கச் சொல்லு" என்றாராம். நீ என்னிடம் ஓடி வந்து என்ன சொன்னாய் தெரியுமா? "அப்பா உங்களையும் வந்து சாப்பிடச் சொல்றாராம்." நான் மனம் இறங்கிவிட்டேன். ரெண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனேன். அவர் முழித்தார். அன்றோடு சண்டை முடிந்தது. நீ வார்த்தையை மாற்றியது எங்களுக்குத் தெரியவர நெடுநாள் ஆயிற்று. அதை நாங்கள் விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டாடினோமே தவிர, பிள்ளையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று ரெண்டு பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். பயிற்சியின் கடைசி நாள், வேலை கொடுக்கிறவர்கள் வருவார்கள், பெற்றோரும் வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். நான் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். எதற்கு வந்தேன்? என் மகளை ஒருவர் வேலைக்குக் கேட்பதைப் பார்க்க வந்தேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

காலையில் ‘நான் யார்’ என்று ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ‘நான்’ என்று தொடங்கிப் பேச வேண்டும், நீ பக்கத்தில் நின்று அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ‘அவள்’ என்று சொல்லக் கூடாதாம், ‘நான்’ என்றே சொல்ல வேண்டுமாம், மொழிபெயர்ப்பின் முறை அதுதானாம். ஒரு பிள்ளை "நான் ஆஸ்பத்திரியில தாதியாகணும்" என்றாள், நீயும் நெஞ்சை நிமிர்த்தி நான் தாதியாக வேண்டும் என்றாய். இன்னொருத்தி "நான் எங்க தோட்டத்துல முதல் பொம்பள டிரைவரா வருவேன்" என்றாள், நீயும் அதே வேகத்தில் நான் டிரைவராக வருவேன் என்றாய். என்ன அழகாகச் சொன்னாய்! குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மண்டபமே கை தட்டியது. கடைசிப் பிள்ளையும் பேசி முடித்ததும் நீ மைக்கைக் கீழே வைத்துவிட்டாய். காலை முழுக்க ‘நான், நான்’ என்று அத்தனை தடவை சொன்னவள், ஒரு தடவைகூட உன்னைச் சொல்லவில்லை. ஊராருக்கு ‘நான்’, உனக்கு மட்டும் ‘ஆம்’.

மத்தியானம் வேலைக்கான நேர்முகம். ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து வந்தவருக்கு முன்னால் சுதா உட்கார்ந்தாள், நீ அவளுக்குப் பக்கத்தில். எனக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியுமே, பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் உங்களைப் பார்த்துச் சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். சுதா தமிழில், "அழுகை வரும் சேர். ஆனா அழ மாட்டேன். கங்காணி எங்கம்மாவ திட்டுறதப் பாத்து வளந்தவ நானு" என்றாள். நீ சிங்களத்தில் சொன்னது: நான் நிதானமாகக் கேட்டுக்கொள்வேன் சேர், கடுமையான பேச்சைத் தாங்கிப் பழகிய குடும்பத்திலிருந்து வருகிறேன். பொய் ஒன்றும் இல்லை, அவள் சொன்னதுதான், நீ கொஞ்சம் அயர்ன் பண்ணிக் கொடுத்தாய். அந்த மனுஷர் புருவத்தைத் தூக்கி, மெச்சிக்கொண்டு தலையாட்டினார். ஆனால் எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்டபோது, நீ தமிழில் சொல்ல வாயெடுக்கும் முன்னமே சுதா "ஹெட சேர்" என்றாள். நாளைக்கே! அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அந்த ஒரு சொல்லை உன்னைத் தாண்டிச் சொன்னாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்த பிள்ளை அது. அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். சுதாவுக்கு அது வேலை செய்திருக்கிறது. உனக்குத்தான் ஒட்டவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் போய் வந்தார்கள். நான் காத்திருந்தேன். உன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை, ஏனென்றால் பெயர் கூப்பிடுகிற ஆளே நீதான்! உன் பெயரை நீ கூப்பிடவில்லை. வந்தவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்க எழுந்துவிட்டார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த சுதாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மகதாங்க எங்க புள்ளைக்கு வாய்" என்று கண் கலங்கினார். அந்தத் தாயிடம் நான் என்ன சொல்ல முடியும்? நல்லதுங்க என்றேன்.

அப்புறம்தான் அந்தத் தேநீர் மேசை. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மெனேஜர் அம்மா, கண்ணாடி போட்டவர், காலையிலிருந்தே உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக உன்னிடம் வந்து சிங்களத்தில் கேட்டார்: எங்கள் வரவேற்புப் பகுதிக்கு ஓர் ஆள் வேண்டும், பழகிக்கொண்டால் அந்தப் பகுதியையே பொறுப்பாகக் கொடுப்போம், உங்களுக்கு விருப்பமா? ஒரே ஒரு கேள்வி. அதுவும் நீ ஒருவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத கேள்வி. நீ என்ன பதில் சொன்னாய்? "கெமதிலு."

கெமதிலு! நம் ‘ஆம்’ போதாது என்று சிங்களத்து ‘லு’வையும் வாங்கி வைத்திருக்கிறாய். விருப்பமாம்! அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "விருப்பமாமா? யார் சொன்னது?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே திரும்பி, மண்டபத்தின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நிலந்தி மிஸ்ஸைப் பார்த்தாய். யார் சொன்னது என்று கேட்டதற்கு, சொன்ன ஆளைத் தேடினாய் பாப்பா! அந்தப் பார்வைதான் நேற்றிலிருந்து என்னைச் சோறு தின்னவிடாமல் செய்கிறது. அந்த அம்மா நல்ல மனுஷி. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வந்து நீங்களே பேசுங்கள் என்று உன் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷம் பஸ் ஏறும் வரைதான். மஹய்யாவ வருவதற்குள் போட்டுடைத்தாய். "திங்கக்கெழம புது குழு தொடங்குதும்மா. மிஸ் கட்டாயம் வரச் சொல்றாங்களாம். நான் இல்லாட்டி அவங்களுக்குக் கஷ்டமாம். ஆஸ்பத்திரிக்கு வேற நாள் போய்க்கலாமாம்." வேறு நாள் போய்க்கொள்ளலாம் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். ஆஸ்பத்திரிக்காரர்கள் உனக்காக அந்தக் கதிரையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? திங்கட்கிழமை போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை அங்கே வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கு நீ சப்பாத்து வாங்கப் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். கோபப்படு, பரவாயில்லை, கோபமாவது உன்னுடையதாக இருக்கட்டும். என் போனிலிருந்து நிலந்தி மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தேன். கடையில் பழகிய சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரியாதையாக விசாரித்துவிட்டு, நாளைக்கு மகள் "என்னே நேலு" என்றேன். வரமாட்டாளாம் என்று. மிஸ் மெதுவாகக் கேட்டார், "அதை அவளா சொன்னாள்?"

எனக்குப் பளீரென்று ஓர் அறை விழுந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி அம்மா உன்னிடம் கேட்ட அதே கேள்வி. உன் வாயில் இல்லாத வார்த்தையை எடுத்து, ஒரு ‘லு’வும் போட்டு, நான் விற்றுக்கொண்டிருந்தேன். இல்லை மிஸ், அவள் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது! "நாளைக்கு வருவாய்தானே" என்று சாதாரணமாகத்தான் உன்னிடம் கேட்டாராம். கட்டாயம் என்று சொல்லவில்லையாம். கஷ்டம் என்றும் சொல்லவில்லையாம். உனக்கு நேர்முகம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போயிருப்பேன் என்றார். அப்படியென்றால் அந்தக் கட்டாயமும் கஷ்டமும் எங்கிருந்து வந்தன? மிஸ் சொல்லாத வார்த்தைக்கு மிஸ்ஸின் பெயரைப் போட்டு, அதற்குப் பின்னால் போய் நீ ஒளிந்துகொண்டாய்.

இந்த ஒளிந்து விளையாடுவதை நீ யாரிடமிருந்து படித்தாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மேல் மாடிச் சேலைப் பகுதியை நீங்கள் பொறுப்பெடுக்கிறீர்களா என்று கேட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் போய், "அவருக்கு விருப்பமில்லையாம் மொதலாளி" என்றேன். அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். நாலு பேரை வேலை வாங்கத் தெரியாமல் மானம் போய்விடுமோ என்ற பயம். பழியை அந்த மனுஷன் தலையில் தூக்கிப் போட்டுவிட்டு நான் கீழ் மாடியிலேயே ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். பெண்ணைப் படியேற விடாத மனுஷன் என்று அவருக்குக் கடையில் ஒரு கெட்ட பேர் இன்றைக்கும் இருக்கிறது. இன்றைக்கு மத்தியானம்தான் அதை அவரிடம் சொன்னேன். "நான் எப்ப வேணாம்னேன்?" என்று வாயைப் பிளந்தார். அவர் எங்கே வேண்டாம் என்றார், பாவம்.

பயமாக இருக்கிறதா பாப்பா? இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அதில் ஒரு கேவலமும் இல்லை. எனக்கு அன்றைக்கு இருந்த பயம் எனக்குத் தெரியும். சுதாவுக்கும் பயம்தான், அவள் அழுகை வரும் என்று அந்த ஹோட்டல்காரர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளுடைய பயத்தை அத்தனை அழகாக எடுத்துச் சொல்லத் தெரிந்த உனக்கு, உன்னுடையதைச் சொல்ல ஓர் ஆள் அகப்படவில்லை. நான் அந்த ஆளாக இருக்கப்போவதில்லை. கடையில் நாளெல்லாம் பார்க்கிறேன், ஒரு பெண் சேலைகளுக்கு முன்னால் ஊமை மாதிரி நிற்பாள், கூட வந்தவர்கள் "இவளுக்கு நீலம்தான் புடிக்குமாம்" என்று எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுடைய கண் மஞ்சளில் இருக்கும். உனக்கு அந்த நிலைமை வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, என் விருப்பத்தை நான் சொல்லிவிடுகிறேன். நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது அப்பா சொன்னதில்லை, மிஸ் சொன்னதில்லை, நான் சொல்வது. அந்த வேலைக்கு உன்னைப் போல ஓர் ஆள் கண்டியில் கிடையாது என்று நான் நினைக்கிறேன். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாகவும் அவ்வளவு எரிச்சலாகவும் இருக்கிறது. ஆனால் இது என் விருப்பம். இல்லைம்மா, எனக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது, அதைத்தான் என் வேலையாகச் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னால், நான் ஒரு மூச்சுக் கத்திவிட்டு, அந்தக் குடிமகள் டீசேர்ட்டை நானே அயர்ன் பண்ணித் தருகிறேன். போகிறேன் என்று சொன்னாலும் சரி, முடியாது என்று சொன்னாலும் சரி. அந்த ‘ஆம்’ வால் இல்லாமல் சொல், அது போதும்.

அப்பா இப்போது அடுப்படிக்கு வந்தார். "அவகிட்டச் சொல்லு..." என்று தொடங்கினார். நீங்களே சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். காலம் முழுக்க பஸ் ஃபுட்போர்டில் நின்று ‘கட்டுகஸ்தோட்ட, கட்டுகஸ்தோட்ட’ என்று ஊரையே கூவிக் கூப்பிட்ட கண்டக்டர், பெற்ற மகளிடம் நேராக ஒரு வசனம் சொல்ல முன் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல மாட்டேன். நீ வந்ததும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்.

நிலந்தி மிஸ்ஸிடம், காலையில் அவளுக்கே கோல் பண்ணுங்கள், வருவதா இல்லையா என்று அவளே சொல்லுவாள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையில் உன் போன் அடிக்கும். உன்னைத் தெரியும் எனக்கு, அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போவாய், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "அம்மா, எடுத்துப் பேசுங்களேன்" என்பாய். நான் எடுக்க மாட்டேன். "குளிக்கிறாளாம் மிஸ்" என்று சொல்ல மாட்டேன். அப்பாவையும் எடுக்க விடமாட்டேன். நீ ஈரத் தலையோடு வந்து எடுக்கிறவரைக்கும் அது அடித்துக்கொண்டே கிடக்கட்டும்.

அம்மா